பகாவிலிருந்து தீம் பார்க்: எந்தத் தேதியில் போனால் காசு மிச்சம்?

நான் நெகிரி செம்பிலான் பகாவ் பக்கத்தில் ஒரு செம்பனைத் தோட்டத்தில் கிராணி. ஆபிஸ் வேலை போக மீதி நேரத்தில் தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கத்துக்கும் கோயில் ஆட்களுக்கும் பஸ் பிடிப்பது, ரூம் போடுவது, டிக்கெட் எடுப்பது எல்லாம் என் தலையில்தான். விடுமுறை நெருங்கினால் ஒரே கேள்வியைப் பத்துப் பேர் கேட்கிறார்கள். அதனால் வந்ததையெல்லாம் மொத்தமாக எடுத்துக்கொண்டு பதில் சொல்லிவிடுகிறேன்.

அக்கா, டிசம்பரில் லெகோலேண்ட் போகலாம் என்று இருக்கிறோம். பிள்ளைகளுக்கு 6, 9 வயது. ஓட்டல் விலையைப் பார்த்தால் தலை சுற்றுகிறது. கூப்பன் ஏதும் இருக்கா?

கூப்பனை விடுங்கள், முதலில் தேதியை மாற்ற முடியுமா என்று பாருங்கள். லெகோலேண்ட் இருப்பது ஜொகூர் இஸ்கண்டார் புத்ரியில், அங்கிருந்து இரண்டாம் பாலத்தைத் தாண்டினால் சிங்கப்பூரின் துவாஸ். நாம் நம் பள்ளி விடுமுறையை மட்டும் பார்த்து ரூம் தேடுகிறோம், ஆனால் அந்தப் பக்கம் விலையை ஏற்றுவது சிங்கப்பூர் பள்ளி விடுமுறை. அவர்களுக்கு ஜூனில் நாலு வாரம், நவம்பர் பிற்பாதியிலிருந்து ஆண்டுக் கடைசி வரை ஏறத்தாழ ஆறு வாரம், மார்ச்சிலும் செப்டம்பரிலும் ஒவ்வொரு வாரம். டிசம்பரில் இரண்டு நாட்டுப் பிள்ளைகளும் ஒரே வரிசையில் நிற்பார்கள்.

நான் தேடுவது இரண்டு காலண்டருக்கும் நடுவில் விழுகிற இடைவெளியை. 2026-ஐ எடுத்துக்கொள்ளுங்கள், சிங்கப்பூர் பள்ளிகள் ஜனவரி 2-ஆம் தேதியே திறந்துவிட்டன, நம் மாநிலத்தில் ஜனவரி 12-ஆம் தேதிதான் திறந்தது. 5-ஆம் தேதி திங்கள் முதல் வியாழன் வரை நம் பிள்ளைகளுக்கு லீவு, அவர்களுக்குப் பள்ளி. இப்படி ஒரு வாரம் கிடைத்தால் விடாதீர்கள். ஆனால் அது வடகிழக்குப் பருவமழைக் காலம், இடி இடித்தால் தண்ணீர் பார்க்கில் எல்லாரையும் தண்ணீரிலிருந்து வெளியே ஏற்றிவிடுவார்கள். அதனால் தண்ணீர் விளையாட்டைக் காலையிலேயே முடித்துவிடுங்கள். 6, 9 வயது சரியான வயது, 15 வயது அண்ணனையும் கூட்டிப் போனால் அவன் போனைத்தான் நோண்டிக்கொண்டு இருப்பான்.

ஜொகூருக்கு ஞாயிற்றுக்கிழமை போனால் கூட்டம் இருக்காது, அங்கே அது வேலை நாள் என்று என் மாமா சொல்கிறாரே?

மாமா சொன்னது பழைய கணக்கு. 2014-லிருந்து அங்கே வெள்ளி, சனிதான் வார விடுமுறை, அப்போது நானும் ஞாயிறு போகத்தான் சொல்வேன். 2025 ஜனவரி 1 முதல் அவர்களும் சனி, ஞாயிறுக்கு மாறிவிட்டார்கள். இப்போது செவ்வாய், புதன், வியாழன்தான். ஞாயிறு ராத்திரி தங்கித் திங்கள் காலை பார்க்குக்குள் போவதும் நல்ல யோசனை, சனி ராத்திரி ரூமைவிட ஞாயிறு ராத்திரி ரூம் மலிவாகத்தான் இருக்கும்.

ஆன்லைனில் ரூம் 200 வெள்ளி (ரிங்கிட்) என்று போட்டிருந்தது, கட்டும்போது கூடிவிட்டது. ஏமாற்றுகிறார்களா?

இல்லை தம்பி, விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி இருந்திருக்கும், கவனித்திருக்க மாட்டீர்கள். ஒன்று 10 விழுக்காடு சேவைக் கட்டணம், இன்னொன்று சேவை வரி, அது 2024 மார்ச்சிலிருந்து 8 விழுக்காடு. 200 வெள்ளி ரூம் கிட்டத்தட்ட 236-இல் வந்து நிற்கும். இரண்டு ஓட்டலை ஒப்பிடும்போது கடைசிப் பக்கம் வரை போய், கட்ட வேண்டிய மொத்தத் தொகையைப் பாருங்கள். வரி சேர்த்த விலையையும் சேர்க்காத விலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து ஏமாறுகிறவர்கள் நிறைய.

அகோடா மாதிரி வெப்சைட்டில் ரூம் போடுவதா, ஓட்டலுக்கே போன் பண்ணுவதா?

இரண்டும் செய்யுங்கள். நான் முதலில் காசு போகாமல் ரத்து செய்யக்கூடிய ரூமைப் போட்டு வைத்துவிடுவேன், ரத்து செய்யக் கடைசித் தேதியைக் காலண்டரில் சிவப்பில் வட்டம் போட்டுவிட்டு, அதற்கு இரண்டு நாள் முன்னால் மறுபடி விலை பார்ப்பேன். இறங்கியிருந்தால் புதிதாகப் போட்டுவிட்டுப் பழையதை ரத்து செய்வேன். வரிசை முக்கியம், முதலில் புதியதைப் போடுங்கள். அப்புறம் ஓட்டலுக்கு நேரே போன் போட்டு, இந்த விலைக்குக் காலைச் சாப்பாடு சேர்த்துத் தர முடியுமா என்று கேளுங்கள். கேட்டால் பாதி தடவை கிடைக்கும், கேட்காவிட்டால் கிடைக்காது.

மாத்தா ஃபேர் பயணக் கண்காட்சியில் ஓட்டல் வவுச்சர் வாங்கினால் லாபமா?

தேதி உங்கள் கையில் இருந்தால் லாபம். நான் பட்ட பாட்டைச் சொல்கிறேன், ஓட்டல் பேர் வேண்டாம். ஒரு பயணக் கண்காட்சியில் இரண்டு இரவு வவுச்சர் பாதி விலைக்கு வாங்கி, போன் பண்ணாமல் பள்ளி விடுமுறையில் போய் இறங்கிவிட்டேன். சின்னவள் பகாவிலேயே நீச்சல் உடுப்பைப் போட்டுக்கொண்டு வந்துவிட்டாள், தோளில் மிதவை வேறு. கவுண்டரில் இருந்த பெண் வவுச்சரைத் திருப்பி, பின்னால் எறும்பு அளவு எழுத்தில் இருந்த வரியின்மேல் விரலை வைத்தாள். பள்ளி விடுமுறை, பொது விடுமுறை, பொது விடுமுறைக்கு முதல் நாள், எதிலும் செல்லாது. முழு விலை கட்டித்தான் தங்கினோம். இப்போதெல்லாம் பின்பக்கத்தைத்தான் முதலில் படிக்கிறேன்.

எங்கள் தோட்டத்தில் லீவு கிடைப்பதே தீபாவளிக்குத்தான். மறுநாள் சன்வே லகூன் தண்ணீர் பார்க்குக்குப் போகலாமா?

வேண்டாம் அண்ணே. அன்றைக்கு நம் ஆட்கள் எல்லாரும் அங்கேதான் இருப்பார்கள், சொந்தக்காரனைப் பார்க்கலாம், சறுக்கு ஏற முடியாது. ஒரு நாள் லீவு எடுக்க முடிந்தால் முஸ்லிம்களின் நோன்பு மாதத்தில் போங்கள். பார்க்கெல்லாம் காற்று வாங்கும், ஓட்டல்களும் விலையைக் குறைத்து வைத்திருப்பார்கள். கடைசி சில நாட்களை மட்டும் விட்டுவிடுங்கள், ஹரிராயா வந்துவிட்டால் கதையே வேறு. நோன்பு ஆண்டுக்கு ஏறத்தாழ 11 நாள் முன்னால் நகரும், போன வருஷத் தேதியை நம்பாதீர்கள். சன்வேக்கு ரூம் போட வேண்டிய அவசியமே இல்லை, விடிகாலை கிளம்பினால் கதவு திறக்கும்போது அங்கே நிற்கலாம்.

கெந்திங் மலைக்கு எப்போது போகலாம்?

ஞாயிறு முதல் வியாழன் வரை. ஃபர்ஸ்ட் வேர்ல்ட் ஓட்டலில் மட்டும் 7,351 அறை இருக்கிறது, அப்படியிருந்தும் சனிக்கிழமை விலை எகிறும். 6,000 அடி உயரம், மழையும் பனிமூட்டமும் வந்தால் வெளி விளையாட்டுகளை நிறுத்திவிடுவார்கள், ஒரே நாளில் எல்லாம் ஏறிவிடலாம் என்று கணக்குப் போடாதீர்கள்.

என் அம்மாவுக்கு இன்னும் சிவப்பு ஐசிதான், நிரந்தரவாசி அட்டை. ஓட்டலில் வெளிநாட்டுக்காரர் வரி கேட்பார்களா?

கேட்கக்கூடாது. ஓர் அறைக்கு ஓர் இரவுக்கு 10 வெள்ளி சுற்றுலா வரி வெளிநாட்டவருக்குத்தான், குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் கிடையாது. கவுண்டரில் புதுப் பையன் யாராவது கேட்டால் ஐசியைக் காட்டி நிதானமாகச் சொல்லுங்கள், அம்மாவைப் பேச விடாதீர்கள், பாவம், அவர் பர்சைத் திறந்துவிடுவார். பார்க் டிக்கெட் வேறு கதை, குடிமக்களின் மைகார்டுக்குத் தரும் விலை சிவப்பு ஐசிக்கும் உண்டா என்று வாங்கும் முன்பே போன் பண்ணிக் கேளுங்கள். பிள்ளைகளுடைய மைகிட் அடையாள அட்டையை மறக்க வேண்டாம்.

14 பேர் போகிறோம், ஹோம்ஸ்டே எடுக்கலாமா?

எடுக்கலாம், தலைக்குக் கணக்குப் போட்டால் ஓட்டலைவிட மலிவாக வரும். ஆனால் பேஸ்புக்கில் படத்தைப் பார்த்து, முன்பின் தெரியாத ஆளின் கணக்குக்கு முழுப் பணத்தையும் போட்டுவிடாதீர்கள்.

சாப்பாடு கட்டிக்கொண்டு போகலாமா அக்கா?

உள்ளே விடமாட்டார்கள். புளிச்சோற்றுப் பொட்டலத்தைக் கார் பார்க்கிலேயே பிரித்துச் சாப்பிட்டுவிட்டு உள்ளே போங்கள், சாயங்காலத்துக்குக் கொஞ்சம் பஸ்ஸிலேயே இருக்கட்டும். ஜீன்ஸும் பருத்திச் சட்டையும் போட்டுத் தண்ணீரில் இறங்கவும் விடமாட்டார்கள், நீச்சல் உடுப்பு வேண்டும், உள்ளே கடையில் வாங்கினால் விலை அதிகம், பகாவ் பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.