தாண்டாமல் கேட்ட பாடல்கள்

அன்புள்ள அண்ணாவுக்கு,

வணக்கம். மல்லாவியிலிருந்து எழுதுகிறேன். பெயரைப் போட வேண்டாம். நண்பர்கள் கண்டால் ஓய்ந்த சண்டை மறுபடியும் தொடங்கிவிடும்.

நாங்கள் நான்கு பேர் ரொக் இசைப் பைத்தியங்கள். திருவிழாக் காலத்தில் ஓர் இசைக்குழுவோடு போய்ச் சினிமாப் பாடல்களுக்கு வாசிப்போம், மற்ற நாட்களில் எங்களுக்குப் பிடித்ததை வாசிப்போம். போன மாதம் பிரித்தானிய ரொக் குழுவான குயீனின் 'டீப் கட்ஸ்' தொகுப்பு எங்கள் கண்ணில் பட்டது. 2011 இல் மூன்று பாகங்களாக வந்திருக்கிறது. புகழ்பெற்ற பாடல்களை ஒதுக்கிவிட்டு, அல்பங்களுக்குள் கவனிப்பாரில்லாமல் கிடந்தவற்றைப் பொறுக்கிச் சேர்த்திருக்கிறார்கள். எனக்குப் பிடித்திருந்தது. ஒரு நண்பன், "விற்ற பொருளையே இரண்டாம் தரம் விற்கிறார்கள்" என்கிறான். இன்னொருவன், "அல்பம் என்பது ஒரு முழு உடம்பு, அதில் கையைக் காலை வெட்டி எடுத்து வேறு உடம்பு செய்யக்கூடாது" என்கிறான். மூன்றாமவனுக்கு, எல்லாம் கைத்தொலைபேசியில் இருக்கும்போது இந்தப் பேச்சே வீண். ரொக் குழுக்கள் இப்படியான தொகுப்புகளை வெளியிடலாமா? உங்கள் அபிப்பிராயம் என்ன?

இன்னொன்றையும் கேட்கிறேன். நாங்களே எழுதி இசையமைத்த ஒன்பது பாடல்களை யூடியூபில் போட்டிருக்கிறோம். ஒன்று ஓரளவு ஓடியது. மற்ற எட்டையும் எங்கள் சொந்தக்காரர்கள்கூடக் கேட்கவில்லை. அந்த எட்டையும் சேர்த்து ஒரு தொகுப்பாக விடலாமா?

அன்புடன்,
மல்லாவி வாசகன்

*

அன்புத் தம்பி,

வெளியிடலாம். வெளியிட வேண்டும் என்றுகூடச் சொல்வேன். உங்கள் நண்பர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அதற்குள் போவதற்கு முன் ஒரு கசெற்றைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். என் பக்கச்சார்பு எங்கிருந்து வந்தது என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

2002 இல் ஏ9 பாதை திறந்தபோது, கனடாவிலிருந்து என் பெரியம்மாவின் மகன் வந்தார். பதின்மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு வருகிறார். ஒட்டுசுட்டானில் இறங்கி, எங்கள் வீட்டுக்கே வழி விசாரித்துக்கொண்டு வந்தார். பதினொரு நாள் நின்றார். திரும்பிப் போகும்போது எனக்கு ஒரு ஜீன்ஸையும் ஒரு தொண்ணூறு நிமிடக் கசெற்றையும் தந்தார். கசெற்றின் மேல் நீல மையில் 'குயீன்' என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. பாடல்களின் பெயர் ஒன்றுகூட இல்லை.

எங்கள் ஊரில் அப்போது மின்சாரம் கிடையாது. 90களில், பற்றரிக்குத் தடை இருந்த காலத்தில், சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி டைனமோவில் கம்பி இழுத்து, ஒருவர் பெடலைச் சுற்ற மற்றவர்கள் வானொலி கேட்டதெல்லாம் உங்கள் வீட்டுப் பெரியவர்களும் சொல்லியிருப்பார்கள். சுற்றுகிறவரின் கை சோர்ந்தால் செய்தி வாசிப்பவரும் சோர்ந்துவிடுவார். 2002 இல் கடைக்குப் பற்றரி வந்துவிட்டது. வாங்கத்தான் காசு இல்லை. ஆகவே எங்கள் வீட்டில் ஒரு சட்டம் இருந்தது: பாட்டைத் தாண்டி ஓட்டக்கூடாது. வேகமாக ஓட்டினால் பற்றரி இறங்கிவிடும் என்பது ஐயாவின் முடிவு. ஒரு பக்கம் முடிந்து திரும்பச் சுற்ற வேண்டுமென்றால், கசெற்றின் பல்லுக்குள் பேனையை விட்டுக் கையால் சுற்றுவோம். பட்டை பிடித்த பேனைதான் அதற்குச் சரி. உருண்டைப் பேனை வழுக்கும்.

இதன் விளைவு என்ன தெரியுமா? எல்லாப் பாட்டையும் வரிசையாகக் கேட்டோம். ஒரு பாட்டுப் பிடிக்கவில்லை என்றால், பிடிக்கும்வரை கேட்பதைத் தவிர வழியில்லை.

அந்தக் கசெற்றில் மூன்றாவதாக ஒரு பாட்டு. வழக்கமாகப் பாடுகிறவரின் குரல் அல்ல. இன்னொருவர், கிற்றாரை மெல்லத் தட்டியபடி, ஏதோ தோணிக்காரர் பாட்டுப் போலப் பாடுவார். எங்களில் ஆங்கிலம் கொஞ்சம் தெரிந்தவர் அக்காதான். அவர் நாலைந்து நாள் காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டு, "யாரோ கப்பலில் போகிறார்கள், திரும்பி வரும்போது தெரிந்தவர்கள் யாரும் இல்லை" என்று பொருள் சொன்னார். அந்தப் பாட்டின் தலைப்பு வெறும் எண், '39. அதை எழுதிப் பாடியவர் கிற்றார் கலைஞர் பிரையன் மே என்பதும், 1975 இல் வந்த அல்பத்தில் அது இருக்கிறது என்பதும் நெடுங்காலத்துக்குப் பிறகே எனக்குத் தெரியவந்தன. விண்வெளிக்குப் போனவர்கள் ஓர் ஆண்டில் திரும்பி வருகிறார்கள், அதற்குள் பூமியில் நூறு ஆண்டு கழிந்துவிடுகிறது. மே வானியற்பியல் படித்தவர். இடையில் விட்ட முனைவர் பட்டத்தை 2007 இல் இலண்டன் இம்பீரியல் கல்லூரியில் முடித்தார். அக்காவின் பொழிப்புரையில் பெரிய பிழை இல்லை.

ஓமந்தை தாண்டி வவுனியாவுக்குக் கணினி வகுப்புக்குப் போன நாட்களில், கொழும்பில் படித்த ஒருவரிடம் குயீனின் மிகப் புகழ்பெற்ற பாட்டு இதுதான் என்று அடித்துச் சொன்னேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். அவர் வரிசையாகச் சொன்ன பாடல்களில் ஒன்றுகூட எனக்குத் தெரியாது. விளையாட்டரங்குகளில் உலகமே காலால் தட்டிக் கைகொட்டிப் பாடும் அந்தப் பாட்டை நான் முதன்முதலில் கேட்டபோது எனக்கு இருபத்தாறு வயது. அண்ணர் எனக்குத் தந்தது புகழ்பெற்ற பாடல்களே இல்லாத ஒரு தொகுப்பு. 'டீப் கட்ஸ்' வருவதற்கு ஒன்பது ஆண்டுகளுக்கு முன்பே ஒட்டுசுட்டானில் ஒரு 'டீப் கட்ஸ்' ஓடியிருக்கிறது! ஆகவே 'அதிகம் அறியப்படாத' என்ற அடைமொழியைக் கண்டால் எனக்கு ஒரு சின்னக் கோபம் வரும். யாருக்கு அறியப்படாத?

இனி உங்கள் நண்பர்கள். விற்றதையே விற்கிறார்கள் என்பவருக்கு முதலில். உண்மைதான். 1981 இல் வந்த குயீனின் புகழ்பெற்ற பாடல் தொகுப்பு, பிரித்தானியாவில் வேறெந்த அல்பத்தையும்விட அதிகம் விற்றது. 2022 இல் அங்கு மட்டும் 70 இலட்சத்தைத் தாண்டியது. வாங்கியவர்களில் பெரும்பாலானோர் குயீன் என்றால் அவ்வளவுதான் என்று அலுமாரியை மூடியிருப்பார்கள். 2011 இல் குழுவுக்கு நாற்பது வயது. புதிய இசைத்தட்டு நிறுவனத்துக்கு மாறி முதல் ஐந்து அல்பங்களை மறுபடி வெளியிட்டபோது, அவற்றோடு கூடவே 'டீப் கட்ஸ்' முதல் பாகத்தையும் விட்டார்கள். வியாபாரம்தான், யார் இல்லை என்றது? முறிகண்டியில் பஸ் நின்றதும் கச்சான் விற்கிற அம்மா உள்ளங்கையில் நாலு பருப்பை வைக்கிறாரே, அதுவும் வியாபாரம்தான். பிடித்தால் ஒரு பை வாங்குவீர்கள்.

எனக்குப் பிடிக்காதது வேறு. பழைய பாடல்களின் கடைசியில் ஒன்றிரண்டு புதிய பாடல்களைச் சொருகி, எல்லா அல்பங்களையும் வைத்திருக்கும் பழைய ரசிகரின் பையிலேயே மறுபடியும் கை வைப்பது. அது தூண்டில். (அமெரிக்க ரொக் பாடகர் டொம் பெற்றியின் 1993 தொகுப்பில் அப்படிச் சொருகிய புதிய பாட்டே பெரிய வெற்றியாகிவிட்டது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். தூண்டிலிலும் சில நேரம் நல்ல மீன்.) நீங்கள் கேட்ட முதல் பாகத்தில் அந்தச் சேட்டை இல்லை. பதினான்கு பாடல்கள், எல்லாம் 1973 முதல் 1976 வரையான அல்பங்களில் இருந்தவை. வைத்திருப்பவர் வாங்க வேண்டிய தேவையில்லை.

உடம்பை வெட்டுகிறார்கள் என்ற நண்பர்தான் எனக்குக் கடினமானவர். அவர் பக்கம் சாட்சி சொல்ல என் கசெற்றே இருக்கிறது. அதில் ஒரு பாட்டு, தலை இல்லாமல், கதவைத் தள்ளிக்கொண்டு வருவதுபோலத் திடீரென்று தொடங்கும். நாடா பழுதாகிவிட்டது என்றே நினைத்திருந்தோம். பழுது நாடாவில் இல்லை. 1974 இல் வந்த மூன்றாவது அல்பத்தில் மூன்று பாடல்கள் இடைவெளி இல்லாமல் ஒன்றுக்குள் ஒன்று ஓடுகின்றன. முதலாவது டிரம்ஸ் கலைஞர் ரோஜர் ரெய்லருடையது, மற்ற இரண்டும் குழுவின் பாடகர் பிரெடி மேர்க்குரியுடையவை. அண்ணர் மூன்றாவதை மட்டும் அறுத்துப் பதிந்திருக்கிறார்.

இதே மூன்றையும் 'டீப் கட்ஸ்' முதல் பாகத்தில் 9, 10, 11 என்று வரிசை குலையாமல் வைத்திருக்கிறார்கள். தொகுத்தவருக்குக் காது இருக்கிறது என்று மகிழ்ந்தேன். ஆனால் இரண்டு பாட்டுத் தள்ளிப் பாருங்கள். 13ஆவதாக, இரண்டாவது அல்பத்தின் அந்த நீண்ட, பல திருப்பங்கள் கொண்ட 'கறுப்பு அரசி' பாட்டு. மூல அல்பத்தில் அது மூச்சுவிடாமல் அடுத்த பாட்டுக்குள் போய் விழும். இங்கே அந்த அடுத்த பாட்டு இல்லை. படிக்கட்டில் கடைசிப் படியைக் காணாமல் காலை வைத்ததுபோல இருந்தது. உங்கள் நண்பர் சொல்வது இதுதான் என்றால், அவரோடு நான் சண்டைக்கு வரமாட்டேன்.

பிங்க் புளொய்ட் என்ற பிரித்தானிய ரொக் குழு இதற்காக நீதிமன்றத்துக்கே போனது. தங்கள் அனுமதி இல்லாமல் அல்பத்தை உடைத்துத் தனிப் பாடல்களாக இணையத்தில் விற்கக்கூடாது என்று 2010 மார்ச்சில் ஈ.எம்.ஐ. இசைத்தட்டு நிறுவனத்துக்கு எதிராகத் தீர்ப்பும் வாங்கியது. அடுத்த ஆண்டு தொடக்கத்தில் அதே நிறுவனத்தோடு புதிய ஒப்பந்தம் செய்து, தனிப் பாடல் விற்பனைக்கு அவர்களே சம்மதித்தார்கள். கொள்கை பிழை என்று நான் சொல்லவில்லை. உடைப்பதா வேண்டாமா என்பதை உடைமைக்காரர் தீர்மானித்தார்.

அல்பத்தில் இடம் கிடைக்காமல் சிங்கிள் இசைத்தட்டின் பின்பக்கத்தில் மட்டும் வந்த பாடல்களைத் தொகுப்பதில் எனக்கு விவாதமே இல்லை. 1998 இல் ஒயாசிஸ் என்ற பிரித்தானியக் குழு செய்தது அது. வீடில்லாதவர்களுக்கு வீடு கட்டினார்கள்.

எல்லாம் கைத்தொலைபேசியில் இருக்கிறது என்கிற மூன்றாமவரிடம் ஒன்று கேளுங்கள். இருக்கிறது, எடுத்துத் தருவது யார்? பேவ்மென்ற் என்ற அமெரிக்கக் குழு 1999 இல் ஒரு சின்ன இசைத்தட்டில் உபரியாக விட்ட பாட்டு ஒன்று, இன்று ஸ்பொட்டிஃபையில் அவர்களுடைய மற்ற எல்லாப் பாடல்களையும் முந்திவிட்டது. ஒரு அல்பம் முடிந்ததும் தானாகவே அடுத்த பாட்டைப் போடும் இயந்திரம் அதைத் திரும்பத் திரும்பப் போட்டதுதான் காரணம் என்கிறார்கள். எனக்கு அதில் வருத்தமில்லை, பாட்டுப் பிழைத்தது. ஆனாலும் அடுத்தது என்ன என்று இயந்திரம் தீர்மானிப்பதைவிட, பதினான்கைத் தெரிந்து வரிசைப்படுத்தி, இதற்குப் பிறகு இதைக் கேள் என்று ஓர் ஆள் சொல்வது எனக்கு உவப்பானது. தலையை அறுத்துப் பதிந்தாலும் அண்ணர் ஓர் ஆள்.

தமிழர்கள் தொகுப்பைக் குறை சொல்லும்போது எனக்கு உள்ளுக்குள் ஒரு சிரிப்பு. நம்முடைய மிகப் பழைய கவிதைகள் நமக்குக் கிடைத்ததே தொகை நூல்களாகத்தான். அதிலும் அகப்பாடல்களில் மூன்று நூல்களை அடி எண்ணிப் பிரித்திருக்கிறார்கள்: நான்கு முதல் எட்டு அடி என்றால் குறுந்தொகை, ஒன்பது முதல் பன்னிரண்டு என்றால் நற்றிணை, அதற்கு மேல் அகநானூறு. அறுபது நிமிடக் கசெற்றா தொண்ணூறா என்று அளவு பார்க்கும் பாட்டுக் கடைக்காரரின் வேலைதான்! செம்புலப் பெயல் நீர் என்று பாடியவரின் பெயர்கூட நமக்குத் தெரியாது, அவருடைய உவமையையே பெயராகச் சூட்டியிருக்கிறார்கள். அந்தப் பாட்டு உள்ள குறுந்தொகையைத் தொகுத்தவர் பூரிக்கோ என்று மட்டும் பெயர் இருக்கிறது.

என் கசெற் 2009 இல் போய்விட்டது. அந்த ஆண்டு போனவற்றின் கணக்கில் அதைச் சேர்ப்பது மரியாதையல்ல. ஆனால் அதன் முதல் பக்கம் முடியும் இடத்தில் ஒரு பாட்டு பாதியில் அறுந்துவிடும், நாற்பத்தைந்து நிமிடத்துக்கு மேல் நாடா இல்லை. மீதி எப்படிப் போகும் என்று நானும் அக்காவும் ஆளுக்கொரு மெட்டுப் போட்டுப் பாடுவோம். அந்த மீதியைப் பிறகு நான் கேட்டது 'டீப் கட்ஸ்' முதல் பாகத்தில்தான், 12ஆவது பாட்டு. குழல்களும் ஊதுகருவிகளுமாக ஒரு பழைய ஜாஸ் வாத்தியக் கோஷ்டியே வருகிறது. வாசித்தவர் பிரையன் மே ஒருவர்தான், அத்தனை ஒலியையும் தன் கிற்றாரிலேயே எடுத்திருக்கிறார், தகப்பனோடு சேர்ந்து வீட்டில் பழைய கணப்படுப்பின் மரத்தைச் செதுக்கிச் செய்த கிற்றாரில். எங்கள் இரண்டு மெட்டும் அதற்குக் கிட்டவும் வரவில்லை.

இனி உங்கள் எட்டுப் பாடல்கள். இப்போது தொகுப்பாக விடாதீர்கள். குயீனுக்கு அறியப்பட்ட பாடல்கள் இருந்ததால்தான் அறியப்படாதவை என்ற பலகைக்குப் பொருள் வந்தது. ஒன்பதில் எட்டை அப்படி அழைத்தால் அது முறைப்பாட்டுக் கடிதமாகிவிடும். அடுத்த திருவிழாவில் சினிமாப் பாடல்களுக்கு நடுவே, சபை நன்றாகச் சூடேறியிருக்கும் நேரத்தில், ஒன்றை மட்டும் அறிவிப்பு ஏதுமில்லாமல் வாசித்துப் பாருங்கள். கச்சான் கொறிப்பது நிற்கிறதா என்று கவனியுங்கள்.

எனக்கும் அனுப்புங்கள், ஒன்பதையும். தலைப்பு வேண்டாம், எது ஓடியது என்றும் சொல்ல வேண்டாம். வெள்ளிக்கிழமை முல்லைத்தீவிலிருந்து வவுனியாவுக்குப் பஸ்ஸில் போகிறேன். தாண்டாமல் வரிசையாகக் கேட்கிறேன்.

அன்புடன்,
அண்ணா