குளிர்காலம் கழிந்து படகை ஏரியில் இறக்கும் முன்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: எஞ்சின் உள்ளேயும் ப்ரொப்பெல்லர் கால் பின்புறம் வெளியேயும் அமைந்த 18 அடி நீளமுள்ள பழைய மோட்டார் படகு ஒன்றைக் கடந்த இலையுதிர் காலத்தில் வாங்கினேன். குளிர்காலத்துக்கு வேண்டிய எல்லாவற்றையும் செய்துவிட்டதாக விற்றவர் சொன்னார். ஆனால் பற்றுச்சீட்டு எதுவும் தரவில்லை. படகு எங்கள் வீட்டு முற்றத்தில் ட்ரெய்லரிலேயே மூடிக் கிடந்தது. விக்டோரியா தின விடுமுறையில் குடும்பத்தோடு சிம்கோ ஏரியில் இறக்க விரும்புகிறேன். எதை முதலில் பார்க்க வேண்டும்?
— வாசகர், பாரி, ஒன்ராறியோ

பதில்: பற்றுச்சீட்டு இல்லாததால், குளிர்காலப் பாதுகாப்பு எதுவும் செய்யப்படவில்லை என்றே வைத்துக்கொண்டு தொடங்குங்கள். நீர் உறையும்போது அதன் பருமன் ஏறத்தாழ 9 சதவீதம் கூடுகிறது. ஏரி நீரையே உள்ளிழுத்துக் குளிரும் இவ்வகை எஞ்சினில் அந்த நீர் வடிக்கப்படாமல் நின்றிருந்தால், வார்ப்பிரும்பாலான எஞ்சின் உடலே விரிசல் கண்டிருக்கக்கூடும். எனவே மூடியை அகற்றியதும் எஞ்சின் எண்ணெயின் அளவுகோலை உருவிப் பாருங்கள். எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தால் எஞ்சினை இயக்காமல் பழுதுபார்ப்பவரை அழையுங்கள். தெளிவாக இருந்தாலும் முழு நிம்மதி கொள்ள இயலாது. சில விரிசல்கள் எஞ்சினுக்குள் நீர் ஓடத் தொடங்கிய பிறகே தெரியவரும் என்பதால், முதல் இயக்கத்துக்குப் பின் அதே சோதனையை மறுபடியும் செய்யுங்கள். எலிகள் கூடு கட்டியிருக்கின்றனவா, மின்கம்பிகளைக் கடித்திருக்கின்றனவா என்பதையும் இப்போதே பார்த்துவிடலாம்.

அடுத்ததாக, நான் மிகவும் வற்புறுத்திச் சொல்ல விரும்புவது, ப்ரொப்பெல்லர் கால் படகோடு இணையும் இடத்தில் மடிப்பு மடிப்பாக இருக்கும் ரப்பர் உறைகளைப் பற்றி. படகின் பின்சுவரில் நீர்மட்டத்துக்குக் கீழே இருக்கும் பெரிய துளையை அடைத்து நிற்பவை இவையே. மடிப்பின் உட்புறத்தில் மயிரிழை போன்ற வெடிப்பு இருந்தாலும், கட்டி வைத்த படகு ஆளில்லாத நேரத்தில் மெல்ல மெல்ல நிரம்பி அடியில் போய்விடும். காலை உயர்த்தியும் இருபுறமும் திருப்பியும், கைவிளக்கோடு ஒவ்வொரு மடிப்பையும் விரித்துப் பாருங்கள். ரப்பர் காய்ந்து இறுகியிருந்தால் வெடிப்புக்காகக் காத்திராமல் மாற்றிவிடுங்கள்.

நீரை உள்ளிழுக்கும் பம்பினுள் உள்ள இம்பெல்லர் என்னும் ரப்பர்ச் சக்கரத்துக்கும் இது பொருந்தும். அதன் வயது உங்களுக்குத் தெரியாது. அதன் விலையோ எஞ்சினின் விலைக்கு முன் ஒரு பொருட்டே அல்ல. கழற்றும்போது அதன் இதழ்களில் ஒன்று உடைந்திருக்கக் கண்டால், அந்தத் துண்டைத் தேடி எடுக்காமல் புதியதைப் பொருத்த வேண்டாம். அது நீர்வழியில் எங்கோ சிக்கிக்கொண்டு எஞ்சினைச் சூடேற்றும்.

பற்றரி முழுமையாகச் சார்ஜ் ஏறி, சில மணி நேரம் ஓய்ந்த பின் 12.6 வோல்ட்டுக்குக் குறையாமல் காட்ட வேண்டும். அதன் முனைகளைத் துலக்கி இறுக்குங்கள். ஸ்டார்ட்டரையோ ஆல்டர்நேட்டரையோ மாற்ற நேர்ந்தால், காருக்குரியது மலிவு என்று வாங்கிப் பொருத்த வேண்டாம். படகுக்குரியவை தீப்பொறி வெளியே வராதபடி அடைத்துச் செய்யப்பட்டவை. பெற்றோல் ஆவி காற்றைவிடக் கனமானது. கார் எஞ்சினுக்கு அடியில் அது கலைந்து போய்விடும், படகின் அடிக்குழியிலோ தேங்கி நிற்கும். பெற்றோல் எஞ்சினை இயக்கும் முன், அந்த ஆவியை வெளியேற்றும் காற்றூதியைக் குறைந்தது 4 நிமிடம் ஓட விட வேண்டும் என்று கனடியச் சிறு படகு ஒழுங்குவிதிகள் கட்டாயமாக்கியிருப்பது இதனால்தான்.

இவை முடிந்த பிறகு, காலின் நீர்த்துளைகளை மூடும் ரப்பர்க் கிண்ணங்களைத் தோட்டக் குழாயோடு பொருத்தி, நீரைத் திறந்துவிட்ட பின்னரே எஞ்சினை முடுக்குங்கள். ஒரு நொடியும் நீரின்றி ஓட விடலாகாது. முதலில் இளஞ்சிவப்பு நிற உறைதடுப்புத் திரவம் வெளியேறினால், விற்றவர் சொன்னது பெரும்பாலும் உண்மை என்று கொள்ளலாம். அத்திரவத்தை வாளியில் பிடித்துக்கொள்ளுங்கள். தெருவோர மழைநீர் வடிகாலில் விட வேண்டாம்.

ஏரிக்கரையில் பலரைக் கலங்க வைப்பது படகின் அடித்துளை மூடி. ஆக்கிரமிப்பு உயிரினங்கள் ஓர் ஏரியிலிருந்து இன்னொன்றுக்குப் பரவாமலிருக்க, 2022 ஜனவரி 1 முதல் ஒன்ராறியோவில் படகைத் தரைவழியே கொண்டுசெல்லும் முன் இந்த மூடியைக் கழற்றி நீரை வடித்திருக்க வேண்டும். ஆகவே கரைக்கு வந்துசேரும் படகு ஒவ்வொன்றிலும் அது கழன்றேதான் இருக்கும். மூடியைச் சாவிக்கொத்தோடு கட்டி வையுங்கள். அதைப் பூட்டாமல் எஞ்சினைத் தொட வழியிருக்காது. பயணத்தில் சூடேறிய ட்ரெய்லர்ச் சக்கரங்கள் ஆறும்வரை பொறுத்திருங்கள். சூடான அச்சு குளிர்ந்த நீரில் இறங்கினால் பேரிங்குகளுக்குள் நீரை உறிஞ்சிக்கொள்ளும். பிறகு ட்ரெய்லரிலிருந்து அவிழ்க்காமலேயே படகைப் பின்புறம் நீரில் அமிழும் அளவு இறக்கி, சில நிமிடங்கள் அடிக்குழியைக் கவனியுங்கள். நீர் ஊறினால் அப்படியே மேலே இழுத்துவிடலாம்.

குடும்பத்தோடு என்று எழுதியிருக்கிறீர்கள். முதல் ஓட்டத்தில் குழந்தைகளை ஏற்ற வேண்டாம் என்று அன்போடு கேட்டுக்கொள்கிறேன். மே மாதத்தில் வெயில் இதமாக இருந்தாலும், சிம்கோவின் நீர் அண்மையில் உருகிய பனிக்கட்டியின் குளிரை இழந்திராது. மானிட்டோபா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கோர்டன் கீஸ்பிரெக்ட் இதனை 1-10-1 என்ற கணக்கில் விளக்குகிறார்: குளிர்நீரில் விழுந்தவருக்கு மூச்சைக் கட்டுப்படுத்த 1 நிமிடம், கைகால்களைப் பயனுள்ளபடி அசைக்க 10 நிமிடம், உடல் குளிர்ந்து நினைவிழக்க 1 மணி நேரம். உயிர்காப்பு அங்கி அணிந்திராதவர் முதல் நிமிடத்தையே தாண்டாமல் போகலாம். படகு ஓட்டத் தெரிந்த ஒருவரோடு, இருவரும் அங்கி அணிந்து, கரையை ஒட்டி ஓட்டிப் பாருங்கள்.

கேள்வி: எங்கள் சிறு படகின் பின்புறம் வெளியே மாட்டியிருக்கும் அவுட்போர்ட் எஞ்சினுக்கான தாங்கியில் சென்ற ஆண்டுப் பெற்றோல் பாதிக்கு மேல் இருக்கிறது. பெற்றோல் கெடாமல் காக்கும் நிலைநிறுத்தித் திரவத்தை (ஸ்டெபிலைசர்) இப்போது ஊற்றினால் பயன்படுத்தலாமா?
— வாசகி, பீற்றர்பரோ

பதில்: நிலைநிறுத்தித் திரவம் புதிய பெற்றோலை நெடுநாள் காக்குமே தவிர, கெட்டதை மீட்காது. எத்தனோல் கலந்த பெற்றோல் ஈரத்தை ஏற்றுக்கொள்ளும். அளவு மிஞ்சினால் நீரும் எத்தனோலும் சேர்ந்து தாங்கியின் அடியில் தனியே படியும். எஞ்சின் உறிஞ்சும் குழாய் முனை இருப்பதும் அங்கேதான். அடியிலிருந்து சிறிது பெற்றோலை எடுத்துக் கண்ணாடிப் போத்தலில் நிற்க விடுங்கள். கலங்கலாகவோ இரண்டு அடுக்காகவோ தெரிந்தால், புளித்த வாடை அடித்தால், நகராட்சியின் அபாயக் கழிவு நிலையத்தில் ஒப்படையுங்கள். நீர் பிரிக்கும் வடிகட்டியை எப்படியும் மாற்றிவிடுங்கள்.

அவுட்போர்ட்டின் கியர் எண்ணெயையும் பாருங்கள். கீழ்த்திருகைத் தளர்த்தும்போது நீரோ வெளுத்த எண்ணெயோ வந்தால், ப்ரொப்பெல்லர் அச்சில் சுற்றிய தூண்டில் நரம்பு அடைப்பு வளையத்தை அறுத்திருக்கலாம். புதிய எண்ணெயைக் கீழ்த்துளை வழியாகவே ஏற்றி, மேல்துளையில் வழியும்போது நிறுத்துங்கள். மேலிருந்து ஊற்றினால் காற்று சிறைப்படும். அரிப்பைத் தான் ஏற்றுக் கரையும் உலோகக் கட்டி பாதி தேய்ந்திருந்தால் மாற்றுங்கள். நன்னீர் ஏரிக்குத் துத்தநாகம் ஏற்றதல்ல, மக்னீசியம் வாங்குங்கள். அதன்மேல் வண்ணம் பூச வேண்டாம்.

கேள்வி: ஆபத்தில் உதவி கோரிக் கொளுத்தும் தீப்பந்தக் குறிகள் பழையவையானால் தொடர்ந்து வைத்திருக்கலாமா? படகு எண்ணை எப்படி எழுத வேண்டும்?
— வாசகர், ஸ்கார்பரோ

பதில்: கனடாவில் தீப்பந்தக் குறிகள் தயாரிப்புத் தேதியிலிருந்து 4 ஆண்டுகளுக்கே செல்லும். தேதி கடந்தவற்றை ஏரியில் கொளுத்திப் பார்ப்பது குற்றம். அதைக் காண்போர் உதவிக் குரல் என்றே எண்ணுவார்கள். எஞ்சின் 10 குதிரைத்திறன் அல்லது அதற்கு மேற்பட்டதாயின் படகுக்கு உரிமம் தேவை. அந்த எண், முன்புறத்தின் இரு பக்கங்களிலும், பின்னணிக்கு எதிரான நிறத்தில், 7.5 செ.மீ.க்குக் குறையாத உயரத்தில் இருக்க வேண்டும்.