பேக்கப் எடுக்காத கம்ப்யூட்டர்கள்

கேள்வி: விண்டோஸில் ஃபைல்களைத் தானாக பேக்கப், அதாவது நகல், எடுக்கும் ஃபைல் ஹிஸ்டரியை ஆன் செய்து, புதிதாக வாங்கிய ஹார்ட் டிஸ்க்கையும் இணைத்துவிட்டேன். இப்போது பார்த்தால் கடைக் கணக்கு ஃபோல்டரே அதில் இல்லை. கணக்கெல்லாம் டி டிரைவில் இருக்கிறது. டிஸ்க் போலியா?
– ஈரோடு வாசகர்

பதில்: டிஸ்க் மேல் தப்பில்லை. நம் ஊரில் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்து தருகிறவர்கள் ஒரே டிஸ்க்கை சி, டி என்று பிரித்துக் கொடுத்து, "முக்கியமானதை எல்லாம் டி-யில போடுங்க சார், பத்திரமா இருக்கும்" என்பார்கள். விண்டோஸை மறுபடி போடும்போது சி அழியும், டி தப்பும். அந்த அளவுக்கு அது சரிதான். ஆனால் ஃபைல் ஹிஸ்டரி தானாக எடுப்பது டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் போன்றவற்றைத்தான். டி-யில் இருக்கும் ஃபோல்டரை நாமாக விண்டோஸின் 'லைப்ரரி' என்ற ஃபோல்டர் பட்டியலில் சேர்த்தால்தான் அதைத் தொடும். ஃபோல்டர் மேல் ரைட் கிளிக் செய்தால் அதற்கான வழி வரும். சேர்த்துவிட்டு, ஃபைல் ஹிஸ்டரியில் 'ரன் நவ்' அழுத்துங்கள். அப்புறம் அந்த டிஸ்க்கை வேறொரு கம்ப்யூட்டரில் செருகி, ஒரு கணக்கு ஃபைலையாவது திறந்து பாருங்கள். திறக்கும் வரை அதை பேக்கப் என்று நம்பாதீர்கள்.

கேள்வி: தினமும் இரவு 2 மணிக்கு பேக்கப் என்று டாஸ்க் ஷெட்யூலரில் போட்டிருந்தேன். நாலு மாதமாக ஒரு நாள்கூட ஓடவில்லை. 10 மணிக்கு லேப்டாப்பை ஆஃப் செய்துவிட்டுத்தான் படுப்பேன். சாஃப்ட்வேருக்குக் கொடுத்த பணத்தைத் திரும்பக் கேட்கலாமா?
– தஞ்சாவூர் வாசகர்

பதில்: கூடாது. ஆஃப் செய்த லேப்டாப்பில் எந்த சாஃப்ட்வேர் ஓடும்? நேரத்தை மதியத்துக்கு மாற்றுங்கள். சார்ஜரில் இருந்தால் மட்டுமே ஓட வேண்டும் என்று ஷெட்யூலரில் முன்கூட்டியே டிக் போட்டிருக்கும், அதை எடுங்கள். தவறிப்போன வேலையைப் பிறகு ஓட்டுவதற்கான கட்டம் காலியாக இருக்கும், அதில் டிக் போடுங்கள். நாலு மாதத்தில் ஒரு முறையாவது பேக்கப்பைத் திறந்து பார்த்திருக்க வேண்டும்.

கேள்வி: 1 டிபி டிஸ்க் வாங்கினேன். 931 ஜிபி-தான் காட்டுகிறது. ஏமாற்றிவிட்டார்களா?
– வேலூர் வாசகர்

பதில்: இல்லை. கம்பெனி ஆயிரத்தால் கணக்குப் போடுகிறது, விண்டோஸ் 1024-ஆல்.

கேள்வி: ஆன்லைனில் 2 டிபி பென் டிரைவ் 699 ரூபாய்க்கு வாங்கி, வாராவாரம் தானாக பேக்கப் ஆகும்படி செய்திருந்தேன். ஒவ்வொரு வாரமும் வெற்றிகரமாக முடிந்தது என்றே காட்டியது. போன மாதம் கம்ப்யூட்டர் பழுதாகிவிட்டது. பென் டிரைவைத் திறந்தால் மகள் கல்யாணப் படங்களின் பெயர்கள் வரிசையாக இருக்கின்றன, ஒரு படமும் திறக்கவில்லை. ரெக்கவரி கடையில் 8,000 ரூபாய் கேட்கிறார்கள்.
– திண்டுக்கல் வாசகி

பதில்: அம்மா, முதலில் அந்த 8,000 ரூபாயைக் கொடுக்காதீர்கள். நீங்கள் வாங்கியது போலி என்பதற்கு எல்லா அடையாளமும் இருக்கிறது. உள்ளே 32 அல்லது 64 ஜிபி சிப்பை வைத்து, கம்ப்யூட்டரிடம் 2 டிபி என்று பொய் சொல்லும்படி செய்திருப்பார்கள். உண்மையான இடம் நிரம்பியதும், அதற்கு மேல் வருவது பழையதன் மேலேயே எழுதப்படும், அல்லது எழுதப்படாமலே போகும். ஃபைலின் பெயரும் அளவும் மட்டும் சரியாகத் தெரியும். எழுதியதைத் திரும்பப் படித்துப் பார்க்காத பேக்கப் சாஃப்ட்வேர், வெற்றி என்றே சொல்லும். எழுதப்படாத படத்தை எந்தக் கடைக்காரராலும் மீட்க முடியாது.

இதைப் பற்றி எத்தனை முறை எழுதினாலும் எனக்கு ஆறவில்லை. செருப்பில் ஏமாற்றினால் செருப்போடு போகும். இதில் திரும்ப எடுக்க முடியாத ஒரு நாளே போய்விடுகிறது. வாங்கிய அன்று தெரியாது, பல மாதம் கழித்து, ரிட்டர்ன் கெடு முடிந்த பிறகுதான் தெரியும். விற்கிறவருக்கு அது நன்றாகத் தெரியும். அசல் 2 டிபி பென் டிரைவ் உண்டு, ஆனால் பல ஆயிரம் ரூபாய் ஆகும். எந்த பென் டிரைவ் வாங்கினாலும் அன்றைக்கே எச்2டெஸ்ட்டபிள்யூ (H2testw) என்ற இலவச சாஃப்ட்வேரை ஓட்டுங்கள். டிரைவ் முழுக்க எழுதி, திரும்பப் படித்து, உண்மையான அளவைச் சொல்லிவிடும்.

கம்ப்யூட்டர் பழுது என்றால் உள்ளே இருக்கும் டிஸ்க்கும் பழுது என்று அர்த்தமில்லை. அதைக் கழற்றி, சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் யுஎஸ்பி கேஸில் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். படங்கள் அதிலேயே இருக்கலாம். கல்யாணத்துக்குப் படமெடுத்த ஸ்டூடியோவையும் கேளுங்கள்.

அப்புறம் புகார். விற்ற தளத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். 2020-ம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி அவர் 48 மணி நேரத்தில் ஒப்புகை தர வேண்டும், ஒரு மாதத்தில் தீர்வு தர வேண்டும். நகரவில்லை என்றால் 1915 தேசிய நுகர்வோர் உதவி எண். அதற்கு மேல் மாவட்ட நுகர்வோர் ஆணையம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் மனுவுக்குக் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். திண்டுக்கல்லிலேயே போடலாம். 699 ரூபாய்தானே என்று விடாதீர்கள்.

கேள்வி: பில் இல்லாமல் வாங்கினால் ஹார்ட் டிஸ்க் 400 ரூபாய் குறைவாகத் தருகிறார் தெரிந்த கடைக்காரர். வாங்கலாமா?
– நாகர்கோவில் வாசகர்

பதில்: வேண்டாம். நானும் அப்படி ஒன்று வாங்கினேன். ஏழாம் மாதம் ஒரு நாள் சொருகியதும் உள்ளிருந்து டிக், டிக் என்று விட்டு விட்டுச் சத்தம் வந்தது. திரையில் ஒன்றும் வரவில்லை. கடைக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார், சர்வீஸ் சென்டரில் பில் கேட்டார்கள். அப்பாவின் கையெழுத்தில் இருந்த பழைய வீட்டுக் கணக்கு நோட்டுகளை மூன்று ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து ஸ்கேன் செய்து அதில் வைத்திருந்தேன். பில் இருந்திருந்தாலும் புது டிஸ்க்தான் கிடைத்திருக்கும், உள்ளே இருந்ததற்கு வாரண்டி பொறுப்பேற்காது. நோட்டுகளை நான் எடைக்குப் போடாததால் தப்பித்தேன்.

கேள்வி: பேக்கப் டிஸ்க்கை எப்போதும் கம்ப்யூட்டரிலேயே செருகி வைக்கலாமா?
– புதுச்சேரி வாசகி

பதில்: ஒன்றை வைக்கலாம். இரண்டாவதாக ஒன்று வாங்கி, மாதம் ஒரு முறை அதில் பேக்கப் எடுத்துவிட்டுக் கழற்றி பீரோவில் வையுங்கள். ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேர் வைரஸ் வந்தால் செருகியிருக்கும் டிஸ்க்கையும் சேர்த்துத்தான் பூட்டும்.