கார் கேள்வி: அலசாமல் கழுவ எந்தச் சோப்பு?

கேள்வி: அண்ணே, தெம்பனிஸில் பன்மாடி கார்நிறுத்துமிடத்தின் நாலாவது மாடியில்தான் எங்கள் கார் நிற்கிறது. பக்கத்தில் குழாய் இல்லை. வீட்டிலிருந்து ஒரு வாளித் தண்ணீர் கொண்டுபோய், பாத்திரம் கழுவும் திரவத்தைக் கலந்து துடைக்கிறேன். கறுப்பு வண்டி, காய்ந்ததும் வெள்ளைத் திட்டுத் திட்டாகத் தெரிகிறது. அலசாமலே கழுவச் சோப்பு இருக்கிறதாமே?

- தெம்பனிஸ் வாசகி

பதில்: இருக்கிறது, தங்கச்சி. முதலில் அந்தப் பாத்திரத் திரவத்தை அடுப்படிக்கே திருப்பி அனுப்புங்கள். எண்ணெய்ப் பிசுக்கை எடுப்பதற்கென்றே செய்தது அது. வண்டியின் மேல் பூசிய மெழுகையும் சேர்த்து எடுத்துவிடும். அலசாமல் விட்டால் அப்படியே காய்ந்து திட்டாகும். சாதாரணக் கார் ஷாம்பூவும் இதற்கு ஆகாது. அதையும் தண்ணீர் விட்டு அலசியே தீர வேண்டும்.

கடையில் 'நோ ரின்ஸ்' அல்லது 'ரின்ஸ்லெஸ்' என்று போட்ட போத்தலாகப் பார்த்து வாங்குங்கள். பக்கத்திலேயே 'வாட்டர்லெஸ்' என்று ஒன்று நிற்கும். அது நேரடியாகத் தெளித்துத் துடைப்பது, லேசான தூசிக்கு மட்டும் சரி. உங்களுக்கு வேண்டியது வாளியில் கலக்கும் வகை. அதிலுள்ள பாலிமர், அழுக்குத் துகளைச் சுற்றிக்கொண்டு வழவழப்பாக்கும். அதனால் பெயிண்டில் கீறல் விழும் வாய்ப்பு குறையும்.

அளவில்தான் பலர் சறுக்குகிறார்கள். 'ஆப்டிமம் நோ ரின்ஸ்' என்ற பிராண்ட் என்றால் 256 பங்கு தண்ணீருக்கு ஒரு பங்கு, அதாவது நாலு லிட்டருக்குச் சுமார் 15 மில்லி. மற்றவற்றுக்குப் போத்தலில் உள்ளபடி. நுரை வராத சோப்பை நம்மவர்கள் லேசில் நம்பமாட்டார்கள். ஊபியில் என் கடைக்கு வருபவர்கள்கூட "இன்னும் கொஞ்சம் ஊத்துங்கண்ணே" என்பார்கள். ஊற்றினால் பிசுபிசுப்புத்தான் மிச்சம்.

சோப்பைவிடத் துணிக்குச் செலவு செய்யுங்கள் என்பேன். ஒரே ஸ்பாஞ்சால் முழு வண்டியையும் தேய்த்தால் எந்தச் சோப்பும் காப்பாற்றாது. ஆறேழு மைக்ரோஃபைபர் துணிகளை வாளியில் ஊறப் போடுங்கள். ஒன்றை எடுத்து நாலாக மடித்தால், திருப்பித் திருப்பிப் போட எட்டுப் பக்கம் கிடைக்கும். அழுத்தாமல் நேர்க்கோட்டில் ஒரே இழுப்பு, அப்புறம் அடுத்த பக்கம். அழுக்கான துணி மறுபடி வாளிக்குள் போகக்கூடாது. கூரையில் தொடங்கிக் கதவின் அடிப்பகுதியில் முடியுங்கள். ஒரு பகுதியைத் துடைத்ததும் காய்ந்த துணியால் உடனே ஒற்றி எடுங்கள். நம் ஊர்ச் சூட்டில் தண்ணீர் காத்திருக்காது. துணிகளைத் துவைக்கும்போது சாஃப்ட்னர் வேண்டாம்.

மைனா எச்சம் காய்ந்திருந்தால் சுரண்டாதீர்கள். ஈரத்துணியைச் சில நிமிடம் மேலே போட்டுவைத்தால் தானே இளகும்.

மலேசியா நெடுஞ்சாலையில் ஓட்டிவிட்டுப் பூச்சியும் சேறுமாகத் திரும்பிய நாளில் இந்த முறையே வேண்டாம். சில வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) கார்நிறுத்துமிடங்களில் வண்டி கழுவ இடம் வைத்திருக்கிறார்கள், அங்கே தண்ணீர் அடித்துக் கழுவிவிடுங்கள்.

வாளியில் மிஞ்சும் சோப்புத் தண்ணீரைக் கால்வாயில் கொட்டாதீர்கள். சிங்கப்பூர் நிலத்தில் மூன்றில் இரண்டு பங்கில் விழும் மழை கால்வாய் வழியாக நீர்த்தேக்கத்துக்குத்தான் போகிறது. வீட்டுக் கழிவறையில் ஊற்றுங்கள்.

சக்கரத்துக்கு மட்டும் தனித் துணி, அதுவும் பழையது. பிரேக் தூள் ஏறிய துணி எத்தனை முறை துவைத்தாலும் பானெட் பக்கம் வரக்கூடாது.