ஹட்டனில் ‘ஃபயர்பேர்ட்’ திரையிடலாமா?

கேள்வி: ஹட்டனில் சிறிய வாசகர் வட்டம் ஒன்று நடத்துகிறோம். தோட்டத்து இளைஞர்கள், இரண்டு மூன்று ஆசிரியர்கள், சில அம்மாமார் என்று இருபது பேரளவில் கூடுவோம். அடுத்த மாதம் ‘ஃபயர்பேர்ட்’ படத்தைப் போடலாம் என்று ஒரு தங்கச்சி சொன்னார். ஆமி முகாமில் இரண்டு ஆண்களுக்கு இடையே வரும் காதல் கதை என்பதால் தயங்குகிறோம். சட்டச் சிக்கல் வருமா? எப்படி நடத்துவது?

பதில்: தாராளமாகப் போடுங்கள். ஆனால் 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மட்டும். நெருக்கமான காட்சிகள் இருக்கின்றன, பாடசாலைப் பிள்ளைகளை அழைக்க வேண்டாம்.

முதலில் சட்டம். 1883ஆம் ஆண்டின் இலங்கைத் தண்டனைச் சட்டக் கோவையில், ஒரே பாலினத்தவரின் உடலுறவைத் தண்டிக்கப் பயன்படும் 365, 365அ பிரிவுகள்தான் உங்கள் பயத்துக்குக் காரணம் என்று நினைக்கிறேன். வெள்ளைக்காரன் எழுதி வைத்துவிட்டுப் போனவை, இன்னும் நம் தலைமேல் நிற்கின்றன. 1995இல் 365அ பிரிவைத் திருத்தி, பெண்களையும் அதற்குள் கொண்டுவந்தார்கள். இவற்றை நீக்குவதற்கான தனிநபர் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானதல்ல என்று உயர் நீதிமன்றம் 2023இல் சொன்னது. ஆனாலும் இந்தப் பிரிவுகள் செயலைத்தான் தண்டிக்கின்றன. இப்படியொரு காதலைப் பற்றிப் படம் பார்ப்பதையோ பேசுவதையோ அவை குற்றமாக்கவில்லை.

நீங்கள் கவனிக்க வேண்டியது வேறு. வீட்டில் நாலைந்து நண்பர்கள் கூடிப் பார்ப்பது ஒன்று. மண்டபம் எடுத்து, போஸ்டர் ஒட்டி, ஊரை அழைப்பது இன்னொன்று. பொதுக் காட்சி என்றால் எந்தப் படத்துக்கும் தணிக்கைச் சான்று வேண்டும். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி உரிமையாளரின் அனுமதியும் வேண்டும். இதை முன்கூட்டியே எழுதிக் கேட்டு வாங்கிவிடுங்கள்.

சரி, படத்துக்கு வருவோம். கதை நடப்பது ஆமி முகாமில் அல்ல, விமானப்படைத் தளத்தில். 1970களின் பிற்பகுதி, சோவியத் ஆட்சியில் இருந்த எஸ்தோனியா. கட்டாயச் சேவையை முடிக்கப்போகும் சிப்பாய் செர்கேய். போர் விமானி ரோமன். இருவருக்கும் நெருக்கமான தோழி லூயிசா. செர்கேய் ஃபெத்திசோவ் என்பவர் தன் வாழ்க்கையைப் பற்றி எழுதிய நினைவுக் குறிப்புதான் மூலம். பீட்டர் ரெபானே இயக்கி 2021இல் வந்தது. அன்றைய சோவியத் சட்டம், ஆணும் ஆணும் உறவு கொண்டால் சிறை என்றது. எஸ்தோனியா சுதந்திரம் பெற்ற பிறகு 1992இல் அந்தத் தண்டனையை நீக்கியது. 2024 ஜனவரி முதல் அங்கே ஒரே பாலினத்தவர் சட்டப்படி திருமணமும் செய்துகொள்ளலாம்.

அந்தத் தளம் நம் ஆட்களுக்கு அந்நியமாக இருக்காது. தோட்டத்தில் காலையில் பேர் பதியக் கூடுவதைப் ‘பெரட்டு’ என்கிறோமே, அது ‘பரேட்’ என்ற படைச் சொல்தான். வரிசை, பேர் கூப்பிடுதல், மேலே ஒருவர் நின்று பார்த்துக்கொண்டிருப்பது எல்லாம் நமக்குப் பழகியவை. லயத்துக் காம்பராவில் ஒருவர் இருமினால் அடுத்த காம்பராவில் கேட்கும். இரகசியம் வைக்க இடமில்லாத இடத்தில் நேசிப்பது என்றால் என்னவென்று உங்கள் கூட்டத்துக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. கதவு தட்டப்படும் சத்தத்துக்கு அந்த இருவரின் முகமும் எப்படி மாறுகிறது என்பதை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள்.

லூயிசாவை விட்டுவிடாதீர்கள். ‘ஒரு கல்யாணத்தைப் பண்ணி வைத்தால் எல்லாம் சரியாகிவிடும்’ என்று நம் வீடுகளில் சொல்வார்கள். சரியாவதில்லை, எதுவும் தெரியாத ஒரு பெண்ணின் வாழ்க்கையும் சேர்ந்து போகிறது. அம்மாமார் வருகிறார்கள் என்றீர்கள், பேச்சை இங்கிருந்தே தொடங்கலாம். யாராவது ‘இது வியாதிதானே’ என்றால், உலக சுகாதார நிறுவனம் 1990 மே 17ஆம் தேதியே இதை நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது என்று பதமாகச் சொல்லுங்கள்.

படம் ஆங்கிலத்தில் இருக்கிறது. அரைப் பக்கத்துக்குத் தமிழில் கதைச் சுருக்கம் எழுதிக் கொடுங்கள், முடிவை மட்டும் சொல்லிவிடாதீர்கள். நடுவில் நிறுத்தி விளக்கவும் வேண்டாம். சுருக்கத்தில் ‘தன்பாலீர்ப்பாளர்’ என்று எழுதுங்கள். ‘ஓரினச்சேர்க்கை’ என்ற சொல் ஒரு முழு மனிதரை உடலுறவாக மட்டும் குறுக்கிவிடுகிறது.

இனி, எனக்கு முக்கியமாகப் படுவது. சில வருடங்களுக்கு முன் கண்டிப் பக்கம் ஒரு திரையிடலுக்குப் போயிருந்தேன். அதுவும் இதே மாதிரியான கதைதான். விளக்கைப் போட்டதும் முன்னால் இருந்த ஒருவர் திரும்பி, ‘நம்மில் யாராவது இப்படி இருக்கிறீர்களா, சொல்லுங்களேன்’ என்றார். நல்ல மனதோடுதான் கேட்டார். சிலர் சிரித்தார்கள். கடைசி வரிசையில் ஒரு பையன், ஈரக் குடையை மடியில் வைத்தபடி படம் முழுக்க அசையாமல் இருந்தவன், எழுந்து வெளியே போனான். அதன்பின் எந்தக் கூட்டத்துக்கும் அவன் வரவில்லை. நான் எழுந்து பேச்சை வேறு பக்கம் திருப்பியிருக்கலாம். திருப்பவில்லை. இன்னும் உறுத்துகிறது.

இருபது பேரில் அப்படி ஒருவர் இருப்பார் என்றே வைத்துக்கொண்டு நடத்துங்கள். யாரையும் சொந்தக் கதை சொல்லக் கேட்காதீர்கள். வட்டமாக உட்கார்ந்து ஒவ்வொருவராகக் கருத்துச் சொல்லும் வழக்கம் இருந்தால் அன்றைக்கு அதை விட்டுவிடுங்கள். பேச விரும்புகிறவர் பேசட்டும். போட்டோ எடுக்க வேண்டாம், வந்தவர்களின் பெயர்களை வாட்ஸ்அப்பில் போட வேண்டாம். மனநல உதவிக்கான 1926 என்ற எண்ணை மற்ற அறிவிப்புகளோடு கதவருகே எழுதி ஒட்டுங்கள். தேவைப்படுகிறவர் யாரிடமும் கேட்காமல் பார்த்துக்கொள்ளலாம்.

படம் 107 நிமிடம். மத்தியானம் ஒன்றரைக்குத் தொடங்கினால், தேத்தண்ணி குடித்துப் பேசிவிட்டுக் கிளம்பினாலும் பொகவந்தலாவைக்கும் மஸ்கெலியாவுக்கும் போகிறவர்கள் இருட்டுவதற்குள் பஸ் ஏறிவிடலாம்.