மீட்டர் ஓடாத பழைய ஸ்பிளெண்டருக்கு எப்போது ஆயில் மாற்றுவது?

வணக்கம். கிலோமீட்டர் மீட்டர் பழுதான உங்கள் பழைய ஹீரோ ஹோண்டா ஸ்பிளெண்டரில், ஆயில் கறுத்ததும் மாற்றிவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம். நல்ல ஆயிலும் சீக்கிரமே கறுத்துவிடும். லிட்டருக்கு 60 கிலோமீட்டர் கிடைக்கிறதென்றால், 50 லிட்டர் பெட்ரோல் தீரும்போது 3,000 கிலோமீட்டர் ஓடியிருக்கும் என்பதால், பங்க் ரசீதுகளைச் சேர்த்துவைத்துக் கணக்கிடுவதே எளிது. வயதான எஞ்சினுக்கு அந்த இடைவெளியே பொருத்தம் என்பது என் கருத்து. இந்த வண்டியில் எஞ்சின், கியர், கிளட்ச் மூன்றுக்கும் ஒரே ஆயில்தான். ஆகவே கியர் விழ அடம்பிடிப்பதும், நியூட்ரல் எளிதில் சிக்காமல் போவதும் ஆயில் தளர்ந்ததன் அறிகுறியாக இருக்கலாம். சமதளத்தில் நடு ஸ்டாண்டு போட்டு, ஆயில் மட்டத்தைக் காட்டும் அளவுக் கம்பியைத் துடைத்து, மரையைத் திருகாமல் செருகிப் பாருங்கள். கம்பியில் பெட்ரோல் வாடை அடித்தாலோ, ஆயில் மோர்போல் வெளுத்திருந்தாலோ, கணக்குப் பார்க்காமல் உடனே மாற்றிவிட்டு, கார்புரேட்டர் கசிகிறதா, தண்ணீர் எங்கிருந்து இறங்குகிறது என்பதையும் மெக்கானிக்கிடம் பார்க்கச் சொல்லுங்கள்.