போலி ஓவியம், அசல் தபால்தலை

அன்புள்ள ஆசிரியருக்கு,

தேவாலயப் படம் போட்ட தபால்தலைகளை மட்டும் சேர்த்து வருகிறேன். லூபெக் நகரின் மரியன்னை ஆலயத்துக்காக 1951ல் மேற்கு ஜெர்மனி வெளியிட்ட இரண்டு தலைகளும் என்னிடம் உண்டு. அதிலிருக்கும் சுவரோவியமே போலி என்கிறார் நண்பர். ஆல்பத்திலிருந்து எடுத்துவிடலாமா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

எடுக்காதீர்கள். நண்பர் சொல்வது உண்மைதான், ஆனால் பாதிக் கதை.

1942 குருத்தோலை ஞாயிறன்று குண்டுவீச்சில் அந்த ஆலயம் எரிந்தது. வெக்கையில் சுவர்ப்பூச்சு உதிர, அடியில் மறைந்து கிடந்த இடைக்காலத்துக் கோதிக் பாணி ஓவியங்கள் தலைகாட்டின. அதில் பொய் ஏதும் இல்லை. போருக்குப் பின் சீரமைக்க வந்தவர் டீட்ரிஷ் ஃபை. சாரம் ஏறித் தூரிகை பிடித்தவர் அவரிடம் வேலை பார்த்த லோதர் மால்ஸ்காட். பீடப்பகுதியில் மீட்க ஒன்றுமே இல்லாததால், மால்ஸ்காட் புதிதாகப் பூச்சு பூசித் தானே புனிதர்களை வரைந்துவிட்டார். 1951ல் ஆலயத்தின் 700ஆம் ஆண்டு விழாவுக்கு மேற்கு ஜெர்மனியின் அரசுத் தலைவர் (சான்சலர்) அடினாவரே வந்தார். தபால்தலையும் வந்தது. பாராட்டெல்லாம் ஃபைக்குப் போயிற்று. பொறுக்காத மால்ஸ்காட் 1952ல் உண்மையை உடைத்தார். யாரும் நம்பவில்லை. வக்கீல் வைத்துத் தன்மேலேயே புகார் கொடுத்தார்! 1955ல் இருவருக்கும் சிறைத்தண்டனை. பீடப்பகுதி ஓவியங்களைப் பிறகு அழித்துவிட்டார்கள். தபால்தலைகளை எப்படி அழிப்பது?

பக்கத்திலேயே பிரான்ஸின் 1930ஆம் ஆண்டு ‘ரைம்ஸ் புன்னகை’ தபால்தலையை வைத்துப் பாருங்கள். ரைம்ஸ் பேராலய வாசலில் சிரிக்கும் தேவதையின் முகம் அது. செதுக்குத் தகட்டில் அச்சானது. லென்ஸ் வைத்தால் கன்னத்தின் மேடும் பள்ளமும் வெறும் கோடுகளாகப் பிரியும். லென்ஸை எடுத்ததும் மறுபடி சிரிக்கும். அஞ்சல் கட்டணம் ஒன்றரை பிராங்க், கூடுதல் தொகை மூன்றரை. அந்தக் கூடுதல் ஆலயத்துக்கல்ல, அரசாங்கக் கடனை அடைக்க. தேவதையின் சிரிப்பை விற்றுக் கடன் கட்டிய அரசு வேறெங்கும் இருந்ததா தெரியவில்லை. அந்தச் சிரிப்பும் ஒட்டுப்போட்டதுதான். 1914ல் ஜெர்மன் பீரங்கித் தாக்குதலில் தேவதைச் சிலையின் தலை விழுந்து நொறுங்கியது. துண்டுகளைப் பொறுக்கி வைத்திருந்து, 1926ல் பழையபடி பொருத்தினார்கள். ரைம்ஸில் உடைந்ததை ஒட்டினார்கள், லூபெக்கில் இல்லாததை வரைந்தார்கள். எனக்கு இரண்டும் வேண்டும்.

லூபெக் தலைகளில் நீங்கள் சந்தேகப்பட வேண்டியது ஓவியத்தை அல்ல, பசையை. ஆல்பத்தில் ஒட்டிய தழும்புள்ள பழைய தலைக்குப் பின்னால் புதுப்பசை பூசி, கைபடாத சரக்கு என்று தலையில் கட்டிவிடுவார்கள். நானும் ஒருமுறை ஏமாந்திருக்கிறேன். துளைவிளிம்பின் பற்களை விரல்நுனியால் தடவிப் பாருங்கள். கிழித்த இடத்தில் தாளின் இழை மெத்தென்று படவேண்டும். விறைப்பாகக் குத்தினால், பசை பற்கள்வரை வழிந்திருக்கிறது, அதாவது பிறகு பூசியது. மால்ஸ்காட் செய்த அதே வேலை.